எமிலியானுஸின் கிறீஸும் காவலியேரேயின் பனி மெசினும்

இத்தாலியின் தெற்கிலுள்ள பலெர்மோவில் பனி கொட்டுவது அபூர்வம். எப்போதாவது இரண்டு துகள் இறங்கினாலும், தரையைத் தொடுமுன் வந்த இடம் பிழையென்று விளங்கித் தண்ணீராகிவிடும். இந்த நகரத்தாருக்குப் பனியென்றால் கோடையில் எலுமிச்சைச் சாறு கலந்து, கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, கரண்டியால் அள்ளிச் சாப்பிடுகிற சாமான்.

அப்படியிருக்க, 1994இல் மொண்டெல்லோக் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு வீட்டுக் கராஜில், கடற்கரைக் குடைகளுக்கும் மடக்குக் கதிரைகளுக்கும் நடுவே, செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பனி எறியும் மெசின் நின்றது. முன்வாயில் திருகாணி போல வளைந்த இரும்புத் தகடு. மேலே பனியைத் துப்பும் புகைக்கூண்டு மாதிரி ஒரு குழாய். பின்னால் இரண்டு ரயரும் இரண்டு கைப்பிடியும். அதன் உடைமையாளர் காவலியேரே ஸ்பத்தாரோ. காவலியேரே என்றால் குதிரை வீரர் என்று பொருள். அவர் குதிரையில் ஏறியதை யாரும் கண்டதில்லை. குளியலறைக்குப் பதிக்கும் ஓடுகளை மொத்தமாக விற்றார். பட்டம் அரசாங்கம் கொடுத்தது என்பார். எதற்காகக் கொடுத்தது என்பதை அரசாங்கத்திடம்தான் கேட்க வேண்டும்.

காவலியேரேக்கு மதோனியே மலையில், பியானோ பத்தாலியாவில், இன்னொரு வீடு இருந்தது. அங்கே பனி உண்மையாகவே கொட்டும். பக்கத்து வீடு உறுதி, பத்திரம் எழுதுகிற ஒரு நொத்தாரிசுக்குச் சொந்தம். அந்த நொத்தாரிசு ஒரு குளிர்காலத்தில் பனி எறியும் மெசின் வாங்கினார். அடுத்த கிழமை காவலியேரே அதைவிட ஒரு சுற்றுப் பெரியது வாங்கினார். மலையில் விட்டால் களவு போகும் என்று பயந்து, பனிக்காலம் முடிந்ததும் லொறியில் ஏற்றிக் கடற்கரை வீட்டுக்குக் கொண்டுவருவார். இப்படியாக அந்த மெசின் வருடத்தில் எட்டு மாதம் உப்புக்காற்று வாங்கியது. அதன் சுகநலத்துக்குப் பொறுப்பாக இருந்தவர்தான் எமிலியானுஸ்.

எமிலியானுஸ் மன்னார் பேசாலைக்காரர். காவலியேரே வீட்டில் கூட்டுவது, துடைப்பது, இஸ்திரி போடுவது, நாயை உலாத்தக் கூட்டிப்போவது எல்லாம் அவர் வேலை. ஆனால் பலெர்மோத் தமிழர்களில் யாரும் வீட்டுவேலை செய்வதில்லை. கிழவியைக் குளிப்பாட்டிச் சோறு தீத்துகிறவர் சுகாதாரத் துறையில் இருப்பார். மொண்டெல்லோ உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர் உல்லாசப் பயணத் துறையில் இருப்பார். எமிலியானுஸ் மெக்கானிக்காக இருந்தார்.

இது முழுப் பொய்யும் அல்ல. வேலைக்கு வந்த முதல் நாள் காவலியேரேயின் மனைவி, சிஞ்ஞோரா, “எமிலியோ, ஊரில் என்ன செய்தாய்?” என்று கேட்டாள். கடற்றொழிலாளர் சங்கத்தில் படகு எஞ்சின்களின் உதிரிப்பாகக் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்தேன் என்று சொல்ல அவரிடம் அப்போது இருந்த இத்தாலியன் போதவில்லை. “மெக்கானிக்கோ” என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. எமிலியானுஸுக்கு உலகத்திலுள்ள பெயறிங், புல்லி, வாஷர், சீல் எல்லாவற்றின் பெயரும் தெரியும். எது ஒறிஜினல், எது போலி என்று மணந்தே சொல்வார். எதை எங்கே பூட்டுவது என்பது மட்டும் தெரியாது. அது சாமான் வாங்கிக்கொண்டு போகிறவனுடைய பாடு.

களஞ்சியத்தில் அதிகம் விலைபோனது கிறீஸ். பேசாலைக் கரையில் உப்பு தின்னாத இரும்பு இல்லை. ஆகவே படகு எஞ்சின், ஆமைப்பூட்டு, கதவுப் பிணைச்சல், கோயில் மணி தொங்குகிற அச்சு, எல்லாவற்றுக்கும் கிறீஸ் பூசுவார்கள். இரும்பு வெறும் மேலோடு நின்றால் அதைப் பார்க்கிற ஆளுக்கே கூச்சமாக இருக்கும். எமிலியானுஸ் இந்த வேதத்தில் வளர்ந்தவர்.

அந்தச் சித்திரையில் மெசின் மலையிலிருந்து இறங்கியபோது கராஜுக்குள் தன் எஞ்சினில் நடந்துதான் போனது. பக்கத்தில் கடல் இரைவது எமிலியானுஸின் காதில் விழுந்தது. முதல் தடவையாக மெசினை மூக்கில் குப்புறக் கவிழ்த்து, அடித்தகட்டைக் கழற்றி, உள்ளே பார்த்தார். பளபளவென்று தோசைக்கல் அளவில் ஒரு உலோகத் தட்டு. அதன் முகத்தில் செங்குத்தாக முட்டிக்கொண்டு, விளிம்பில் றப்பர் போட்ட ஒரு சில்லு. தட்டில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை. செய்தவன் மறந்துபோனான் என்று எமிலியானுஸ் எண்ணினார். வடக்கு இத்தாலிக்காரன், கடல் பார்த்திருக்க மாட்டான். தட்டுக்கும் சில்லுக்கும் கைநிறையக் கிறீஸ் அள்ளித் தோசைக்கல்லுக்குப் பூசுவது போல வட்டமாகப் பூசி, மூடிவைத்தார். அன்று இரவு நிம்மதியாக நித்திரை கொண்டார்.

அதே சித்திரையில்தான் இன்னொரு விசயமும் தொடங்கியது. அவருடைய மனைவி அற்புதமலர் பேசாலையிலிருந்து இராணுவத்திடம் பாஸ் எடுத்துக் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தாள். அவளை இத்தாலிக்குக் கூப்பிட, வேலை கொடுக்கிற முதலாளி குவெஸ்தூராவுக்கு நேரில் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். குவெஸ்தூரா என்றால் வெளிநாட்டுக்காரர் வரிசையில் நின்று தங்கள் பொறுமையைக் காட்டும் பொலிஸ் கந்தோர். காவலியேரே, “ஓ, அதுக்கென்ன, பாஸ்குவா முடியட்டும்” என்றார். பாஸ்குவா என்ற உயிர்த்த ஞாயிறு முடிந்தது. பிறகு வெயில். பிறகு ஆவணி, ஆவணியில் ஒரு கிறிஸ்தவன் கந்தோருக்குப் போவானா? பிறகு முயல் சுடும் காலம். இத்தாலிய நாட்காட்டியில் இவ்வளவு புனிதர்கள் இருப்பது எமிலியானுஸுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவரும் கத்தோலிக்கர்தான், ஆனாலும் சில பேரைக் குறைத்திருக்கலாம் என்று பட்டது.

கார்த்திகை வந்தது. மார்கழி எட்டாம் திகதி அமலோற்பவ மாதா திருநாள். அன்றைக்கு மலைவீட்டைத் திறப்பது காவலியேரேயின் வழக்கம். மெசினை வெளியே எடுக்கச் சொன்னார். எஞ்சின் ஒரே இழுவையில் பிடித்தது. முன்வாய்த் திருகாணி சுழன்றது. காவலியேரே கைப்பிடியை அழுத்தினார்.

மெசின் நின்ற இடத்திலேயே நின்றது. ரயர் அசையவில்லை. காவலியேரே இன்னும் அழுத்தினார். பிறகு, அடம்பிடிக்கிற எருமையைத் தள்ளுவது போல வயிற்றை முட்டுக்கொடுத்துத் தள்ளினார். சப்பாத்து வழுக்கியதுதான் மிச்சம்.

“எமிலியோ, நீ மெக்கானிக் எல்லோ?”

“ஓம், காவலியேரே. இது கடல் உப்பாலை வந்தது.”

“நொத்தாரிசின்ரை மெசின் மலையிலை நடக்கும். என்ரை மெசின் படுத்திருக்கும். அவன் யன்னலாலை பாத்துச் சிரிப்பான். நான் இந்த மனநிலையோடை ஒரு கந்தோருக்கும் போகமாட்டன். இது நடக்கட்டும், பிறகு நான் நடக்கிறன்.”

எமிலியானுஸுக்கு இதற்கு அகராதி தேவைப்படவில்லை. மெசின் நடந்தால் காவலியேரே குவெஸ்தூராவுக்கு நடப்பார். காவலியேரே நடந்தால் அற்புதமலர் விமானம் ஏறுவாள்.

அல்பெர்கேரியாவில், பலாரோச் சந்தைக்குப் பின்னாலுள்ள சந்தொன்றில், எமிலியானுஸ் ஒரு அறையைச் சிவபாலனோடு பங்குபோட்டிருந்தார். சிவபாலன் கிளிநொச்சிக்காரன், உல்லாசப் பயணத் துறை. ஊரில் வயலும் ஒரு லாண்ட்மாஸ்ரரும் வைத்திருந்தவன். லாண்ட்மாஸ்ரர் என்பது நடந்துகொண்டே பிடிக்கிற இரண்டு சில்லு உழவு மெசின். எமிலியானுஸ் கராஜுக்குக் கூட்டிப்போய்க் காட்டிய பனி மெசினைப் பார்த்ததும் அவன் சிரித்தான்.

“எமில் அண்ணை, இது எங்கடை லாண்ட்மாஸ்ரர்தானே. மூக்கைத்தான் மாத்தியிருக்கிறாங்கள்.”

“லாண்ட்மாஸ்ரர் சேத்துக்குள்ளை நிக்கிறது. இது விஞ்ஞானம்.”

“விஞ்ஞானம் ஏன் நடக்குதில்லை?”

“அதைத்தான் யோசிக்கிறன்.”

“உங்களுக்குச் சாமான் எல்லாத்தின்ரை பேரும் தெரியும் அண்ணை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கோவன், எழும்பி வருதோ எண்டு.”

முதலில் பெல்ற்றில் பழி விழுந்தது. எஞ்சினின் சுற்று ஒரு பெல்ற் வழியாகத்தான் உள்ளே போகிறது என்பதைச் சிவபாலன் கண்டுபிடித்தான். எமிலியானுஸ் அந்தப் பெல்ற்றைக் கழற்றிக் கழுத்தில் மாலை போலப் போட்டுக்கொண்டு, வியா மக்வேதா என்ற பெரிய தெருவைக் கடந்து, ஸ்கூட்டர் பாகங்கள் விற்கிற ஒரு கடைக்குப் போனார்.

“எந்த ஸ்கூட்டர்?” என்றான் கடைக்காரன்.

“ஸ்கூட்டர் இல்லை. சினோ, அதுதான் பனி, எறியிற மெசின்.”

கடைக்காரன் வெளியே வந்து வானத்தைப் பார்த்தான். வெயில் எறித்தது. எதிரே ஒலிவ் காய் விற்றவரைக் கைதட்டிக் கூப்பிட்டான். “தோன் பெப்பே, இஞ்சை வா. இந்தாள் சினோ அள்ள பெல்ற் கேக்குது.”

ஒலிவ்காரர் ஆறுதலாக வந்து பெல்ற்றைத் தொட்டுப் பார்த்தார். “போன கிழமை கொட்டின சினோவுக்கோ, வாற கிழமை கொட்டப்போறதுக்கோ?”

“மலைக்கு,” என்றார் எமிலியானுஸ்.

“ஆ, மலைக்கு. நான் நினைச்சன் உன்ரை வீட்டு வாசலுக்காக்கும் எண்டு.”

சந்து முழுவதும் சிரித்து முடிந்தபின், அதே நீளத்தில் ஒரு பெல்ற் கிடைத்தது. பூட்டினார்கள். மெசின் நடக்கவில்லை.

அடுத்து கேபிள். கைப்பிடியை அழுத்தும்போது ஒரு கேபிள் இழுபட்டு, அந்த றப்பர் சில்லைத் தட்டோடு சேர்த்து அமுக்குகிறது. அமுக்கம் போதவில்லை என்று சிவபாலன் சொன்னான். எமிலியானுஸ் கேபிளை இறுக்கினார். நடக்கவில்லை. இன்னும் இறுக்கினார். வீணைத் தந்தி போலத் தட்டினால் சத்தம் வந்தது. நடக்கவில்லை.

“தேங்காய் ஒண்டு உடைச்சுப் பாப்பம் அண்ணை,” என்றான் சிவபாலன்.

“பலாரோவிலை தேங்காய் விக்கிற விலைக்கு அதை உடைச்சால் சம்பல் போடவேணும். மெசினுக்கு ஏன்?”

“அப்ப உங்கடை அந்தோனியாரிட்டைச் சொல்லுங்கோ.”

“துலைஞ்ச சாமானைத்தான் அவர் எடுத்துத் தருவார். இது துலையேல்லை. கண்ணுக்கு முன்னாலை நிக்குது.”

கடைசியில் எமிலியானுஸ் தனக்கு நிச்சயமாகத் தெரிந்த வைத்தியத்துக்குத் திரும்பினார். அடித்தகட்டைத் திறந்து, சித்திரையில் பூசிய கிறீஸ் காய்ந்துபோயிருக்கும் என்று கருதி, மேலும் இரண்டு கை பூசினார். கேபிளை இறுக்கியபின் கைப்பிடியை அழுத்தினால் ரயர் ஒரு மாதிரி நடுங்கவாவது செய்தது. இப்போது அதுவும் நின்றது.

மார்கழி முதல் ஞாயிறு. பூசை முடிந்ததும் எமிலியானுஸ் ரெலிபோன் கடையின் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றார். கொட்டாஞ்சேனை லொட்ஜில் அற்புதமலர் ரிசீவரை எடுத்தாள். பேசுகிறது ஒருமுறை கேட்கும், பிறகு கடலடியில் போய் முட்டித் திரும்பி வந்து இன்னொருமுறை கேட்கும்.

“இஞ்சாரும், எப்பிடி இருக்கிறீர்?”

“இருக்கிறன். நேற்றும் பொலிஸ் வந்தவங்கள். ஊரிலை இருந்து வந்து இவ்வளவு நாளும் இஞ்சை என்னத்துக்கு நிக்கிறாய் எண்டு கேட்டாங்கள். புருசன் இத்தாலியிலை பெரிய மெக்கானிக், கூப்பிடப் போறார் எண்டு சொன்னனான்.” சற்று நிறுத்தினாள். “அவங்கள் நம்பினவங்கள். லொட்ஜ்காரர்தான் நம்பேல்லை. தைப்பொங்கலுக்குள்ளை விசா வராட்டில் ஊருக்குப் போ எண்டுறார். எங்கை போறது, சொல்லுங்கோ பாப்பம். சிஞ்ஞோர் எப்ப கையெழுத்து வைக்கிறாராம்?”

எமிலியானுஸ் மெசின் கதையைச் சொன்னார். வெறுமனே சொல்லவில்லை, றான்ஸ்மிஷன், புல்லி, கேபிள் ரென்ஷன் என்று களஞ்சியம் முழுவதையும் வயரில் ஏற்றினார்.

“அது போன வருசம் நடந்ததோ?” என்றாள் அற்புதமலர்.

“ஓம், நல்லா நடந்தது.”

“பிறகு நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

“நான் என்ன செய்யிறது. ஒண்டும் செய்யேல்லை. உப்புப் பிடிக்கும் எண்டு நல்லாக் கிறீஸ் பூசி வைச்சனான்.”

லைன் அறுந்துவிட்டதென்று எமிலியானுஸ் ரிசீவரைத் தட்டினார்.

“எதுக்குப் பூசினனீங்கள்?”

“எல்லாத்துக்கும். உள்ளை ஒரு தட்டு, அதிலை முட்டிக்கொண்டு ஒரு றப்பர்ச் சில்லு...”

“சைக்கிளுக்குப் பூசின மாதிரியோ?”

கூண்டுக்கு வெளியே காத்து நின்றவர்கள், உள்ளே நின்ற மனிதரின் முகம் மாறுவதைக் கண்டார்கள். ஊரில் ஏதோ நடக்கக்கூடாதது நடந்துவிட்டது என்று அவர்கள் நினைத்தார்கள், ஒருவர் சிலுவையும் போட்டுக்கொண்டார்.

நடந்தது பதினொரு வருடம் பழையது. அற்புதமலரைப் பெண் பார்க்கப் போன அன்று மாப்பிள்ளையின் சைக்கிள் மினுங்க வேண்டுமென்று எமிலியானுஸ் சங்கத்துக் கிறீஸை எடுத்துச் சங்கிலி, மட்காட், கரியர் எல்லாவற்றுக்கும் பூசினார். றிம்முக்கும் பூசினார். பெண்வீட்டு ஒழுங்கையில் திரும்பிப் பிறேக்கைப் பிடித்தபோது, பிறேக்கின் றப்பர்க் கட்டை றிம்மில் வழுக்கி வழுக்கிப் போனது. சைக்கிள் படலையைக் கவனிக்காமல், வேலியைப் பிரித்துக்கொண்டு, முற்றத்தில் பரப்பியிருந்த கருவாட்டின் மேல் போய்த்தான் நின்றது. “மாப்பிள்ளை சரியான அவசரத்திலை வந்திருக்கிறார்” என்று பெண்ணின் தகப்பன் சொன்னார். கலியாணம் நடந்தது. கருவாட்டுக் கதையைப் பிறகு வீட்டில் யாரும் எடுப்பதில்லை, அற்புதமலரைத் தவிர.

“றப்பர் இரும்பைப் பிடிக்க வேணுமெண்டால் காய்ஞ்சு கிடக்கவேணும். இது எனக்கே தெரியும். எங்கடை கருவாட்டுக்கும் தெரியும்,” என்றாள். “போய்க் கழுவுங்கோ.”

எமிலியானுஸுக்கு அந்த மெசினின் சூத்திரம் முழுவதும் ரெலிபோன் கூண்டுக்குள்தான் வெளித்தது. பெல்ற் தட்டைச் சுழற்றும். சுழலும் தட்டில் றப்பர்ச் சில்லு அழுந்தினால் சில்லும் சுழலும். சில்லு சுழன்றால் சங்கிலி வழியாக ரயர் நடக்கும். நடுவில் வேறொன்றும் இல்லை. பல்லில்லை, கொக்கியில்லை, உரசல் ஒன்றுதான். அந்த உரசலின் வாயில்தான் அவர் எட்டு மாதமாகக் கிறீஸைத் தீத்தியிருக்கிறார்.

அன்று மத்தியானமே சிவபாலனையும் இழுத்துக்கொண்டு பஸ்ஸில் மொண்டெல்லோ போனார். கராஜைத் திறந்து, பெற்றோலை வடித்து, மெசினைக் குப்புறக் கவிழ்த்தார். பிறகு ஸ்பானர் பெட்டியைத் திறக்காமல் நேரே குசினிக்குப் போய், சட்டி கழுவுகிற சவர்க்காரம், தும்பு, பழந்துணி, யன்னல் கண்ணாடி துடைக்க சிஞ்ஞோரா வாங்கி வைத்திருக்கும் றோசா நிற ஸ்பிரித்து எல்லாவற்றையும் அள்ளி வந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்கச் சிவபாலன் கடற்கரைக் கதிரையொன்றை விரித்து உட்கார்ந்துவிட்டான். அதுவரை தடுமாறிய கை இப்போது தடுமாறவில்லை. எந்த அழுக்கை முதலில் வழிப்பது, எதைத் தும்பால், எதைத் துணியால், எந்த மூலைக்கு விரலில் துணி சுற்றிப் போவது, எல்லாம் அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. மூன்று வருடமாகச் சிஞ்ஞோராவின் அடிப்பிடித்த சட்டிகளில் பழகிய கை. தட்டைச் சவர்க்காரத்தால் கழுவி, துடைத்து, ஸ்பிரித்து போட்டுத் துடைத்து, விரலை வைத்து இழுத்துப் பார்த்தார். கீச்சென்று சத்தம் வந்தது. சில்லின் றப்பர் கிறீஸில் ஊறி மினுங்கியது. அதையும் கழுவி, மினுக்கம் போகுமட்டும் உப்புத்தாளால் மெல்ல உரசினார். சங்கிலிக்கும் சில்லு நகர்கிற தண்டுக்கும் கிறீஸ் வேண்டும் என்று சிவபாலன் சொன்னபோது, எமிலியானுஸ் ஒரு குண்டுமணி அளவு எடுத்து, விரல் நுனியால் வைத்தார். குடிப்பழக்கம் விட்டவன் கோயிலில் வைனைத் தொடுவது போல இருந்தது.

நடுவில் சிஞ்ஞோரா வந்து வாசலில் நின்றாள்.

“எமிலியோ, ஞாயிற்றுக்கிழமையிலை வந்து கழுவிக்கொண்டிருக்கிறாய்?”

“கழுவேல்லை சிஞ்ஞோரா. மெக்கானிக் வேலை.”

“அது என்ரை சட்டிச் சவர்க்காரம் எல்லோ?”

“ஓம் சிஞ்ஞோரா. இந்த மொடலுக்கு இதுதான் போடுறது.”

சிஞ்ஞோரா மதிப்போடு தலையாட்டிவிட்டுப் போனாள். சிவபாலன் கதிரையிலிருந்து விழப்பார்த்தான்.

மெசினை நிமிர்த்தி, பெற்றோல் விட்டு, எமிலியானுஸ் கயிற்றை இழுத்தார். எஞ்சின் பிடித்தது. முன்வாய் சுழல்கிறதா என்று பார்க்க அதன் நெம்புகோலை ஒரு தட்டுத் தட்டி மாட்டிவிட்டார். நெற்றி வியர்வையைத் துடைக்கக் கையை எடுத்தார். கைப்பிடியை இன்னும் யாரும் அழுத்தவில்லை.

மெசின் நடக்கத் தொடங்கியது.

கிறீஸ் இருந்தபோது வீணைத் தந்தியாக இறுக்கிய கேபிளை யாரும் திரும்பத் தளர்த்தவில்லை. அது சில்லைத் தட்டோடு அமுக்கியபடியே இருந்தது. இத்தனை நாள் வழுக்கிய சில்லு இன்று பிடித்தது. மெசின் கராஜைத் தாண்டி, திறந்திருந்த கேற்றைத் தாண்டி, ரோட்டில் இறங்கியது. உலாத்திக்கொண்டிருந்த சில ஞாயிற்றுக்கிழமைக் குடும்பங்கள் வழிவிட்டு நின்றார்கள். அற்புதமலரின் விசா, செம்மஞ்சள் நிறத்தில், இரண்டு ரயரில் ஏறி, கடலைப் பார்த்து நடந்தது.

“அண்ணை, பிடியுங்கோ.”

“நீ முன்னுக்குப் போய் மறி.”

“முன்னுக்கு வாய் சுழலுது. நீங்களே மறியுங்கோ, உங்கடை மனிசிதானே வரவேணும்.”

மெசின் மணலில் இறங்கியது. அதற்குப் பனியென்ன மணலென்ன. வாயால் அள்ளிக் குழாயால் துப்பிக்கொண்டே போனது. மொண்டெல்லோவின் மார்கழி வெயிலில் பொன்னிற மணல் வில்லாக வளைந்து விழுந்தது. அந்த வில் விழுந்த இடத்தில் காவலியேரே ஸ்பத்தாரோ நின்றார். இரைச்சல் கேட்டு, மத்தியான நித்திரை கலைந்து, பட்டு நைற்கவுனோடு ஓடி வந்தவர்.

எமிலியானுஸ் பாய்ந்து கைப்பிடியைக் கட்டிப்பிடித்து, காலால் மணலை உழுதபடி இழுபட்டு, எஞ்சினை நிறுத்தும் திறப்பைத் திருகியபோது, சின்ன அலையொன்று வந்து முன்வாயை நனைத்தது. எஞ்சின் இருமி நின்றது. தலையை நிமிர்த்தப் பயமாக இருந்தது. தைப்பொங்கல், லொட்ஜ், பேசாலைக்குப் போகிற பஸ், எல்லாம் ஒன்றாகத் தெரிந்தன.

காவலியேரே மீசையிலிருந்து மணலைத் தட்டினார். மெசினைப் பார்த்தார். கராஜிலிருந்து தண்ணீர்க் கரை வரைக்கும் கிடந்த ரயர்த் தடத்தைப் பார்த்தார்.

“தானாக நடந்தது,” என்றார்.

“ஓம், காவலியேரே.”

“ஒருத்தரும் பிடிக்காமல்.”

“ஓம்.”

“நொத்தாரிசின்ரை மெசினைக் கையாலை பிடிக்கவேணும்.” காவலியேரே எமிலியானுஸின் இரண்டு தோளையும் பிடித்து, மணலோடு, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்.

நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, கேபிளைத் தளர்த்தி, அழுத்தினால் நடந்து, விட்டால் நிற்கும்படி செய்தபோது காவலியேரேயின் முகம் கொஞ்சம் வாடியது. முந்தியதுதான் நல்லாயிருந்தது என்று சொல்லிப் பார்த்தார். ஆனாலும் திருநாளுக்கு மெசினோடு மெக்கானிக்கையும் லொறியில் ஏற்றினார். குவெஸ்தூரா பற்றிக் கேட்டதற்கு, “நத்தார் முடியட்டும்” என்று கிறிஸ்மஸைக் காட்டினார். நத்தாருக்கும் பொங்கலுக்கும் நடுவில் எத்தனை புனிதர் இருக்கிறார்கள் என்று எமிலியானுஸுக்குத் தெரியும்.

பியானோ பத்தாலியாவில் முழங்கால் அளவு பனி கிடந்தது. காவலியேரேயின் மெசின் வாசலிலிருந்து ரோட்டு வரைக்கும் ஒரு பாதை வெட்டியது. பிறகு தேவையில்லாமல் இன்னொன்று வெட்டியது. பக்கத்து வீட்டு நொத்தாரிசு தன் மெசினோடு வெளியே வந்து கயிற்றை இழுத்தார். இழுத்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு இழுத்தார். அது பேசவேயில்லை. காவலியேரேக்கு அன்று இரண்டு திருநாள்.

பின்னேரம் காவலியேரே அடுப்படியில் குளிர்காயும்போது நொத்தாரிசு மதிலோரம் வந்தார். எமிலியானுஸ் மதிலுக்கு மேலால் அந்த மெசினை எட்டிப் பார்த்தார். அதற்கு என்ன வருத்தம் என்று அவருக்குக் கடுகளவும் தெரியாது. உதட்டைப் பிதுக்கி, “கார்புரேற்றர்” என்றார். சொல்லைச் சுத்தமாகச் சொன்னார். சொல்தானே அவருடைய தொழில்.

நொத்தாரிசு மயங்கிவிட்டார். “என்னட்டை வந்து வேலை செய். உனக்கு என்ன பேப்பர் வேணுமோ, நான் பாக்கிறன். என்ரை வேலையே பேப்பர்தான்.”

எமிலியானுஸ் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்தார். கையிருப்பில் இல்லாத சாமானைக் கேட்டு வருகிறவனை வேறு கடைக்குப் போகவிடாமல் வைத்திருக்கச் சங்கத்தில் பழகிய சிரிப்பு அது. சிரித்துக்கொண்டே அடுப்படி யன்னல் பக்கம் சாடையாகத் திரும்பினார். யன்னல் திறந்துதான் இருந்தது. சற்று முன் புகை போகட்டும் என்று அதைத் திறந்துவிட்டவர் எமிலியானுஸ்.

திருநாள் லீவு முடிந்த முதல் நாள் காலை, குவெஸ்தூராவின் கதவு திறக்குமுன் காவலியேரே ஸ்பத்தாரோ வாசலில் நின்றார். கோட்டில் பட்டத்தின் பதக்கத்தையும் குத்தியிருந்தார். எமிலியானுஸ்தான் பிந்தி வந்தார் என்று அவரைக் கண்டித்தார். எட்டு மாதம் எல்லாப் புனிதர்களும் சேர்ந்து செய்யாததை ஒரு நொத்தாரிசு மதிலுக்கு மேலால் செய்து முடித்தார்.

தைப்பொங்கலுக்கு முதல் கிழமை விசா வந்தது. லொட்ஜ்காரர் அற்புதமலரிடம், தன்னுடைய மகனுக்கும் இத்தாலியில் மெக்கானிக் வேலை பார்க்கலாமோ என்று கேட்டாராம்.

எமிலியானுஸின் புகழ் அல்பெர்கேரியாவில் பரவியது. கிறைண்டர், காற்றாடி, தையல் மெசின் என்று ஓடாதவை எல்லாம் அவர் அறைக்கு வந்தன. எல்லாவற்றையும் றோசா ஸ்பிரித்தால் துடைத்துக் கொடுத்தார். பாதிக்குப் பாதி ஓடின. ஓடாதவற்றைப் பற்றி அவர் ஒரு பாகத்தின் பெயரைச் சொல்வார். அது இத்தாலியில் எடுக்க ஏலாது என்பார். கொண்டுவந்தவர்கள் திருப்தியோடு போவார்கள்.

அற்புதமலர் வந்து சேர்ந்த கிழமை சிஞ்ஞோரா அவளைக் கூப்பிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டாள்: ஊரில் என்ன வேலை செய்தாய்? எமிலியானுஸ்தான் மொழிபெயர்க்க நின்றார்.

“வீட்டுவேலை எண்டு சொல்லுங்கோ,” என்றாள் அற்புதமலர்.

எமிலியானுஸ் சிஞ்ஞோராவைப் பார்த்து, “நிர்வாகம்” என்றார்.

அந்த ஞாயிறு மனைவிக்குக் கடற்கரை காட்ட, பலாரோவில் ஒரு பழைய சைக்கிள் வாங்கி வந்தார். இரவிரவாகத் துடைத்திருந்தார், மினுங்கியது. “ஏறும்” என்று கரியரைக் காட்டினார். அற்புதமலர் ஏறவில்லை. குனிந்து, பின் சில்லின் றிம்மில் சுட்டுவிரலை வைத்து ஒரு சுற்று இழுத்தாள். விரலை மூக்கில் வைத்து மணந்து பார்த்தாள். பிறகு முன்சில்லுக்குப் போனாள்.